இரண்டாம் அளவு

கைகளைத் தூக்கு, நொஹேலியா.
வயிற்றை எக்காதே.
என் நாடாவிடம் பொய் சொல்லி
நீ காணப்போவது என்ன?

இடுப்பு தொண்ணூற்று நாலு.
எழுதிக்கொண்டேன்.
வலப்பக்கக் கட்டம் இப்போதைக்கு வெறுமை.
அது ஆறு வாரம் கழித்து.

சர்க்கரை ஆலைக் கணக்குப் பிரிவில்
சீட்டு விழுந்தது என்றாய்.
பன்னிரண்டு பெண்கள், மாதம் ஒருத்தி.
போன மாதக்காரி கூரை மாற்றினாள்,
அதற்கு முந்தியவள் மோட்டார் சைக்கிள்.
நீ உன் உடம்பைத் தேர்ந்தாய்.
எனக்கென்ன குறை?
கொலம்பியாவில் இந்தக் காலி நகரத்தின்
இடுப்புகளால்தான் என் அடுப்பு எரிகிறது.

நான் டாக்டர் இல்லை.
கொழுப்பை உறிஞ்சியபின் இறுக்கிக் கட்டும்
உள்ளாடை தைப்பவள்.
மூன்று வரிசைக் கொக்கி வைப்பேன்:
வீக்கம் வடிய வடிய உள்வரிசைக்குப் போ.
ராத்திரியும் கழற்றாதே.
திட்டுவாய், என்னைத்தான் திட்டுவாய்,
எல்லோரும் திட்டியிருக்கிறார்கள்.

எடை குறையும் என்று யார் சொன்னது?
போவது நாலு லிட்டர், அதுவும் உருவம்தான், எடையல்ல.
முதல் வாரம் நீர் கோத்து
கண்ணாடியில் உன் அத்தை நிற்பாள்.
மெத்தையில் பிளாஸ்டிக் விரி,
துளைகள் வழியே ரோஜா நிறத்தில் ஒழுகும்.
அதற்குப் பயப்படாதே.
ஒற்றைக் கால் மட்டும் வீங்கினால்,
படுத்திருக்கையிலேயே மூச்சு வாங்கினால்
அப்போது பயப்படு,
எனக்குப் போன் செய்யாமல்
ஆம்புலன்ஸுக்குச் செய்.

தொடையைத் தொட்டால்
பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரியின் தொடை மாதிரி இருக்கும்,
மாதக்கணக்கில்.
தோல் சுருங்கலாம்.
சுருங்காமல் பஞ்செடுத்த தலையணை உறை போல்
தொங்கவும் செய்யலாம்.
அதை எந்தத் தையலாலும் மறைக்க முடியாது,
என்னுடையதாலும்.

மயக்க மருந்து கொடுப்பவர் பெயர் என்ன?
"டாக்டர் ரொம்ப நல்லவர், சிரித்த முகம்."
சிரிப்பைக் கேட்கவில்லை, பெண்ணே.
அதே மேசையில் மூக்கையும் சரிசெய்ய
பாதி விலை சொன்னார்களா?
சொன்னார்கள், உன் கழுத்து சிவக்கிறது.
மாத்திரை சாப்பிடுகிறாய், சிகரெட்டும் உண்டு;
என்னிடம் சொன்னதை
அவர்களிடம் சொன்னாயா?

நாலு மணிக் காற்று மலையிலிருந்து இறங்கி
நோட்டைப் புரட்டுகிறது.
நீ விரல் வைத்து நிறுத்துகிறாய்.
இடப்பக்கம் எண்கள். வலப்பக்கம்
ஒன்றுமில்லை.
"இவள் ஊர் மாறிப் போய்விட்டாளா?"

மிலெய்டி. இருபத்தாறு வயது.
காப்பிக்கொட்டை நிறத் துணி கேட்டாள்.
டைல்ஸ் கடைக்கு மேலே, மூன்றாம் மாடி கிளினிக்.
மூச்சு நின்றபோது
ஸ்ட்ரெச்சர் படிக்கட்டில் திரும்பவில்லை.
அவ்வளவுதான். ஒரு திருப்பம்.

அவள் அம்மா வந்தாள்.
முழு முன்பணமும் எண்ணிக் கொடுத்தேன்.
வாசல்வரை போனவள் திரும்பி வந்து
ஒரு நோட்டு கூடுதல் என்று
மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் நான் முன்பணம் வாங்குவதில்லை.
பர்ஸை உள்ளே வை.
இரண்டாம் அளவுக்கு வரும்போது கொடு.

போகாதே என்று சொல்லவில்லையே நான்.
ஏன் பேச்சையே காணோம்?
துணி நிறம் பார்க்கிறாயா,
கறுப்பா, சந்தனமா?

"உங்கள் நாடாவை
ஒரு நாள் கடன் தருவீர்களா?"

எதற்கு?

"வியாழனுக்கு முன்
அவர்கள் படிக்கட்டை அளக்க வேண்டும்."

இந்தா, வாங்கிக்கொள்.
நுனி பிய்ந்திருக்கும்,
இரண்டு சென்டிமீட்டர் கழித்துக்கொள்.
லிஃப்ட் கதவையும் விடாதே.